ஒவ்வாத உணவு தவறி உள்ளே போய்விட்டால்: அறிகுறிவாரியாக என்ன செய்வது

மூச்சு, குரல், நினைவு. முதலில் இந்த மூன்றைப் பாருங்கள். மூச்சு வாங்குகிறது, குரல் கம்முகிறது, ஆள் துவண்டு போகிறார் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே தொடையின் வெளிப்பக்கம் போடுங்கள், ஆளைப் படுக்க வையுங்கள் (மூச்சுத் திணறினால் மட்டும் கால் நீட்டி உட்கார வையுங்கள்), ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

அந்த மூன்றும் சரியாக இருக்கிறதா? அப்படியானால் யோசிக்கக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. கொஞ்சம்தான். தனக்கு இன்ன உணவு ஒத்துக்கொள்ளாது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கும் அவர் பக்கத்தில் இருப்பவருக்குமானது இந்தக் குறிப்பு. வேர்க்கடலையோ பாலோ முட்டையோ இறாலோ எள்ளோ, எது உள்ளே போயிருந்தாலும் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். உடம்பில் எந்தெந்த இடத்தில் அறிகுறி தெரிகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த அடி.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

வாயில் மிச்சம் இருப்பதைத் துப்பச் சொல்லி, தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளிக்க வையுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். அலர்ஜியைக் கிளப்ப மிகச் சிறிய அளவே போதும், அது ஏற்கெனவே உள்ளே போயாகிவிட்டது. தொண்டை வீங்கும் நேரத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் அது இன்னொரு ஆபத்து.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் கிருமிக்குத்தான், வேர்க்கடலைப் புரதம் அதற்கு அசையாது. வெறும் தண்ணீரிலும் முழுதாகப் போகாது. அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் கண் வீங்கும், அப்புறம் இது எதனால் வந்த வீக்கம் என்று குழப்பம் வரும்.

சாப்பிட்ட மணியைக் குறித்து வையுங்கள். உணவு வந்த பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்; அதன் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டால் டாக்டருக்கு உதவும். ஊசி எங்கே இருக்கிறதோ அதை எடுத்து வந்து ஆளின் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். அறிகுறி வந்த பிறகு பையைத் துழாவிக்கொண்டிருக்கக் கூடாது.

அவரைத் தனியாக விடாதீர்கள், முக்கியமாக பாத்ரூமுக்கு. நாலு பேர் முன்னால் எதற்கு ஆர்ப்பாட்டம் என்று கூச்சப்பட்டு, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று எழுந்து போய் உள்ளே தாழ் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. பதின்வயதுப் பிள்ளைகள் இதை அதிகம் செய்வார்கள். உள்ளே அவர் மயங்கி விழுந்தால் வெளியே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. போகத்தான் வேண்டும் என்றால் கூடப் போங்கள், கதவைத் தாழிட விடாதீர்கள்.

## அறிகுறி: ஒன்றுமே இல்லை

சாப்பிட்டது உறுதி, ஆனால் உடம்பில் எதுவும் தெரியவில்லை. இது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், இன்னும் நேரம் ஆகவில்லை என்பதாகவும் இருக்கலாம். உணவு அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கும். ஏறக்குறைய எல்லாமே 2 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அந்த 2 மணி நேரமும் யாராவது கூடவே இருக்க வேண்டும். மொத்தமாக 4 மணி நேரம் கண் வைத்திருப்பது நல்லது.

அந்த நேரத்தில் ஓட்டம், உடற்பயிற்சி, வெந்நீர்க் குளியல், மது எதுவும் வேண்டாம். ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகளும் வேண்டாம். லேசாகப் போயிருக்க வேண்டிய அலர்ஜியை இவை தூக்கிவிடும். தூக்கம் வருகிறது என்றால் தனி அறையில் தூங்க விடாதீர்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே ஓர் அலர்ஜி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? எனக்கு அது பிடிக்காத பழக்கம். முதலில் தெரியும் தடிப்பையும் அரிப்பையும் மாத்திரை மறைத்துவிடும். தொண்டையையும் மூச்சையும் அது காப்பாற்றாது. எச்சரிக்கை மணியை மட்டும் கழற்றி வைத்தது போல ஆகிவிடும். முன்பு ஒருமுறை உயிருக்கே ஆபத்தாகப் போனவருக்கு, அறிகுறி வரும் முன்பே ஊசி போடும்படி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

## அறிகுறி: வாய், உதடு, நாக்கில் மட்டும் அரிப்பு

பச்சைப் பழமோ காயோ கடித்த உடனே வாய் நமநமக்கிறது, உதடு லேசாகத் தடிக்கிறது, அரை மணியில் அடங்கிவிடுகிறது. வேகவைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. இப்படியென்றால் அது பெரும்பாலும் மகரந்த அலர்ஜியின் உறவுக்காரன். மகரந்தத்தில் உள்ள புரதத்தைப் போன்றதே அந்தப் பழத்திலும் இருப்பதால் உடம்பு குழம்புகிறது. சூட்டில் அந்தப் புரதம் குலைந்துவிடும். இது அபூர்வமாகவே பெரிதாகும். கொப்பளித்துவிட்டு, சாப்பிடுவதை நிறுத்தி, கவனித்தால் போதும்.

ஆனால் உள்ளே போனது வேர்க்கடலை, முந்திரி, பால், இறால் போன்ற ஒன்று, அதுவும் முன்பு பெரிதாக அலர்ஜி வந்தவர் என்றால் வாய் அரிப்பை இப்படித் தள்ளிவிட முடியாது. அது தொடக்கமாக இருக்கலாம். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, அரிப்பு வாயைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். நாக்கே வீங்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் அது வாய் அரிப்புக் கணக்கில் வராது. கீழே தொண்டை பற்றிச் சொல்லியிருப்பதற்குப் போங்கள்.

## அறிகுறி: தோலில் மட்டும் தடிப்பு, அரிப்பு, சிவப்பு

காணாக்கடி மாதிரி திட்டுத் திட்டாகத் தடிப்பு, கண்ணிமை வீக்கம், முகம் சிவப்பது. வேறு எங்கும் ஒன்றும் இல்லை என்றால் செட்டிரிசின் போன்ற தூக்கம் அதிகம் தராத அலர்ஜி மாத்திரை போடலாம். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 10 மில்லிகிராம். குழந்தைக்கு டாக்டர் சொன்ன அளவு மட்டும். ஆழ்ந்த தூக்கம் தரும் பழைய வகை மாத்திரைகளைத் தவிர்ப்பது நல்லது. ஆள் கண் சொருகுவது மாத்திரையாலா, ரத்த அழுத்தம் இறங்குவதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

மாத்திரை வேலையைக் காட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி ஆகும். அதுவரை தடிப்பு பரவுவது சகஜம். பார்க்க வேண்டியது தடிப்பு எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தோலைத் தாண்டி இன்னோர் இடத்தில் ஏதாவது தொடங்குகிறதா என்பதை. தடிப்போடு இருமல், தடிப்போடு வாந்தி, தடிப்போடு தலைசுற்றல். இப்படி உடம்பின் இரண்டு பகுதிகள் சேர்ந்துகொண்டால், தனித்தனியாக அவை லேசாகத் தெரிந்தாலும், அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி, என்று எடுத்துக்கொண்டு அட்ரினலின் ஊசி போடுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தோலில் ஒன்றுமே தெரியாமலும் அனாஃபிலாக்சிஸ் வரும். 10 பேரில் ஒருவர் இருவருக்கு அப்படித்தான். "தடிப்பு இல்லையே, அலர்ஜியாக இருக்காது" என்று காத்திருப்பது ஆபத்தான தாமதம்.

## அறிகுறி: வாந்தி, வயிற்றுவலி, பேதி

ஒரே ஒரு தடவை வாந்தி, வேறு எதுவும் இல்லை, முகம் தெளிவாக இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கவனியுங்கள். வாந்தி நிற்காமல் வருகிறது, வயிறு முறுக்கிப் பிடிக்கிறது, அல்லது தோல், மூச்சு, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்திருக்கிறது என்றால் ஊசிதான்.

பால் குடித்த சில மணி நேரத்தில் வயிறு உப்பி, வாயு பிரிந்து, பேதி ஆவது மட்டும் என்றால் அது லாக்டோஸ் செரிக்காததாக இருக்கலாம். பால் அலர்ஜி வேறு, இது வேறு. இதில் அவஸ்தை உண்டு, உயிர்ப் பயம் இல்லை.

## அறிகுறி: தொண்டை அடைக்கிறது, குரல் மாறுகிறது, இருமல், வீசிங்

இங்கே காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. ஊசி, உடனே.

இதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கத்தான் காது வேண்டும். பேச வையுங்கள். குரல் கரகரக்கிறதா, கீச்சென்று ஒலிக்கிறதா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடிகிறதா? அடிக்கடி கனைப்பதும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதும் சும்மா இல்லை. விடாத வறட்டு இருமலும் அப்படித்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்தால் தொண்டையில் வீக்கம். வெளியே விடும்போது விசில் சத்தம் வந்தால் நெஞ்சுக்குள் மூச்சுக்குழல்கள் சுருங்குகின்றன. எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுக விட்டால் இன்னும் மோசம்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தெரியாது. "நாக்கு சுடுது", "தொண்டைக்குள்ள என்னமோ மாட்டிக்கிச்சு", "வாய் ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள். நாக்கைக் கையால் இழுப்பார்கள், சுரண்டுவார்கள். காரம் பட்டுவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான் நடக்கும்.

ஆஸ்துமா உள்ளவர் என்றால் கை தானாக இன்ஹேலருக்குத்தான் போகும். வரிசையை மாற்றுங்கள்: முதலில் அட்ரினலின், பிறகு இன்ஹேலர். இன்ஹேலர் மூச்சுக்குழல்களை மட்டும் விரிக்கும்; தொண்டை வீக்கத்தையும் இறங்கும் ரத்த அழுத்தத்தையும் தொடாது. உணவு அலர்ஜியில் இறந்தவர்களில் ஆஸ்துமாக்காரர்களே அதிகம்.

மூச்சுத் திணறுபவரைப் பலவந்தமாக மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். தரையில் கால் நீட்டி உட்கார வையுங்கள்.

## அறிகுறி: தலைசுற்றல், வெளிறல், வியர்வை, மயக்கம்

முகம் வெளுத்து, கை கால் சில்லிட்டு, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. சிலருக்கு இதற்கு முன்பே "எனக்கு என்னமோ ஆகப் போகுது" என்று காரணமில்லாத ஒரு பயம் பிடிக்கும். பதற்றம் என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவர்கள் இதையும் அறிகுறிப் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள்.

இங்கும் ஊசிதான் முதல் வேலை. அதற்கு அடுத்தது படுக்க வைப்பது, அது ஊசிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ரத்தக்குழாய்கள் ஒரேயடியாக விரிந்து கசியத் தொடங்கும்; கடுமையான அனாஃபிலாக்சிஸில் ரத்தத்தின் திரவப் பகுதியில் மூன்றில் ஒரு பங்குவரை பத்தே நிமிடத்தில் குழாய்க்கு வெளியே போய்விடும். இருக்கிற ரத்தமும் காலில் தேங்கினால் இதயத்துக்குத் திரும்பி வர எதுவும் இருக்காது. பிரிட்டனில் அனாஃபிலாக்சிஸ் மரணங்களை ஆராய்ந்த ரிச்சர்ட் பம்ஃப்ரி 2003-இல் இதைத்தான் எழுதினார்: படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்த அல்லது நின்ற சில விநாடிகளில் உயிர் போன நிகழ்வுகள்.

அதனால் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலுக்குக் கீழே தலையணையோ பையோ வைத்து உயர்த்துங்கள். வாந்தி எடுத்தால் அல்லது நினைவு இல்லை என்றால் ஒருக்களித்து. கர்ப்பிணி என்றால் இடப்பக்கம் ஒருக்களித்து. தேறிவிட்டேன் என்று அவரே சொன்னாலும் எழுப்பி நிற்க வைக்காதீர்கள், ஆம்புலன்ஸ் வரை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். ஸ்ட்ரெச்சர் அவரிடம் வரட்டும்.

மூச்சு நின்றுவிட்டால், அல்லது விட்டு விட்டு ஏங்கி ஏங்கி வந்தால், சிபிஆர் (நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முதலுதவி) தொடங்குங்கள்.

## ஊசி போடுவது

ஆட்டோ இன்ஜெக்டர் பேனாக்கள் (அழுத்தினால் தானாக மருந்தைச் செலுத்தும் அட்ரினலின் ஊசிகள்) பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 0.3 மில்லிகிராம், 15 முதல் 30 கிலோவரை உள்ள பிள்ளைகளுக்குப் பொதுவாக 0.15. சில டாக்டர்கள் ஆம்பூலும் (மருந்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் கொடுத்து, எவ்வளவு இழுப்பது என்று எழுதித் தருவார்கள். அந்த அளவைப் பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

பேனாவைக் கை முஷ்டிக்குள் பிடியுங்கள். கட்டை விரலை எந்த முனையிலும் வைக்காதீர்கள். பதற்றத்தில் தலைகீழாகப் பிடித்துத் தன் கட்டை விரலிலேயே போட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கும் விபத்து. பாதுகாப்பு மூடியைக் கழற்றி, தொடையின் வெளிப்பக்க நடுவில் அழுத்தி, பேனாவில் போட்டிருக்கும் விநாடிகள் வரை பிடித்திருங்கள். சிலதில் 3, சிலதில் 10. சந்தேகம் என்றால் பத்துவரை எண்ணுங்கள். ஜீன்ஸ் மேலேயே போடலாம். பாக்கெட்டில் சாவி, சில்லறை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தடித்த தையலையும் தவிருங்கள். பிள்ளைக்குப் போடும்போது காலை இறுகப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். உதறினால் ஊசி தோலைக் கிழித்துவிடும்.

போட்ட பிறகு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். மருந்து உள்ளே போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். 10, 20 நிமிடத்தில் அடங்கும். தேவையில்லாமல் போட்டுவிட்டோமோ என்ற கவலைக்கும் இதுதான் பதில்: ஆரோக்கியமானவருக்குத் தொடையில் தவறிப் போட்டால் விலை இந்தப் படபடப்புதான். போடாமல் விட்டதன் விலையோடு இதை ஒப்பிடவே முடியாது. இதய நோய் உள்ளவருக்கும் அனாஃபிலாக்சிஸ் என்றால் அட்ரினலின்தான்.

காலாவதியான பேனா மட்டும்தான் இருக்கிறதா? மருந்து தெளிவாக இருந்தால் அதையே போடுங்கள். ஒன்றும் இல்லாததற்கு அது மேல். மருந்தை மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்பிரேயும் இப்போது சில நாடுகளில் கிடைக்கிறது. அமெரிக்காவில் 2024-இல் அனுமதி கிடைத்தது.

## சிக்கல்: ஊசியே இல்லை

மாத்திரையைத் தேடி நேரத்தை விடாதீர்கள். உணவால் வரும் அனாஃபிலாக்சிஸ் உயிரைப் பறித்த நிகழ்வுகளில், தொடங்கியதிலிருந்து மூச்சோ இதயமோ நிற்பதற்கு நடுத்தரமாக 30 நிமிடம் ஆனது என்பது அதே பம்ஃப்ரியின் 2000-ஆம் ஆண்டுக் கணக்கு. அந்த அரை மணிக்குள் அட்ரினலின் எங்கே கிடைக்குமோ அங்கே போக வேண்டும். தூரத்துப் பெரிய மருத்துவமனையைவிடப் பக்கத்துச் சின்ன கிளினிக் நல்லது, அங்கே அட்ரினலின் இருந்தால். போன் செய்து அதை மட்டும் கேளுங்கள். காரில் போவதென்றால் பின் சீட்டில் படுக்க வைத்து, வேறொருவர் ஓட்டட்டும்.

உள்ளே போனதும் "வயிறு சரியில்லை", "உடம்பெல்லாம் அரிக்குது" என்று தொடங்காதீர்கள். "இன்ன உணவுக்கு அலர்ஜி, இத்தனை மணிக்குச் சாப்பிட்டார், அனாஃபிலாக்சிஸ் மாதிரி தெரிகிறது" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். "அலர்ஜி ஊசி போட்டாச்சு" என்று பதில் வந்தால் தயங்காமல் கேளுங்கள்: அட்ரினலினா? ஆன்டிஹிஸ்டமினும் ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசி என்ற பெயரில்தான் போகின்றன. ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். ஆன்டிஹிஸ்டமின், உடம்பு கொட்டும் பல ரசாயனங்களில் ஹிஸ்டமின் என்ற ஒன்றை மட்டும் தடுக்கும். ரத்தக்குழாயை இறுக்கி, வீக்கத்தை வடியவைத்து, மூச்சுக்குழலை விரித்து, இதயத்துக்கும் வேகம் கொடுக்கும் மருந்து அட்ரினலின் மட்டுமே.

## சிக்கல்: ஊசி போட்டும் குறையவில்லை

5 நிமிடம் பாருங்கள். குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் இரண்டாவது ஊசியை அடுத்த தொடையில் போடுங்கள். இதற்காகத்தான் எப்போதும் இரண்டு பேனா வைத்திருக்கச் சொல்கிறார்கள். பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரை சாப்பிடுபவருக்கு அட்ரினலின் முழுதாகப் பிடிக்காமல் போகலாம். இதை மருத்துவமனையில் மறக்காமல் சொல்லுங்கள், அதற்கு வேறு மருந்து உண்டு.

## சிக்கல்: சரியாகிவிட்டது, மறுபடி வருகிறது

முதல் அலை அடங்கி, மீண்டும் எதுவும் சாப்பிடாமலேயே இரண்டாவது அலை வருவது ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு நடக்கிறது. பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள், அபூர்வமாக 72 மணி நேரம்வரை. முதல் ஊசி தாமதமானவர்களுக்கும், ஒன்றுக்கு மேல் ஊசி தேவைப்பட்டவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். ஊசி போட்டுச் சரியான பிறகும் மருத்துவமனைக்குப் போவது இதற்காகத்தான். பல மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். பொறுமையாக இருங்கள். வந்தால் மருத்துவம் அதேதான்: அட்ரினலின்.

## அலர்ஜி போலவே தெரிகிற வேறு சில

ஒரே மீனைச் சாப்பிட்ட பலருக்கும் முகம் சிவந்து, தலை வலித்து, தோல் அரித்தால் அது மீன் அலர்ஜி இல்லை. சரியாகக் குளிரூட்டாத மீனில் சேர்ந்த ஹிஸ்டமினின் விஷம். சமைத்தாலும் அது போகாது.

இரவு மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிட்டு, நடு இரவில் தடிப்போடு விழித்தால் ஆல்ஃபா-கேல் அலர்ஜியை யோசிக்கலாம். உண்ணி கடித்து வருவது. 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கோதுமை சாப்பிட்டால் ஒன்றும் இல்லை, சாப்பிட்டு ஓடினால் மட்டும் அனாஃபிலாக்சிஸ் என்ற வகையும் உண்டு.

கைக்குழந்தை புது உணவு சாப்பிட்டு 1 முதல் 4 மணி நேரம் கழித்து, தடிப்பே இல்லாமல், அடுத்தடுத்து வாந்தி எடுத்து வெளிறித் துவண்டால் அது எஃப்.பி.ஐ.இ.எஸ் என்ற குடல் சார்ந்த அலர்ஜியாக இருக்கலாம். அதற்கு முக்கிய மருத்துவம் டிரிப்ஸ். வீட்டில் வைத்துப் பிரித்துப் பார்க்கும் விஷயமில்லை, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

## அடுத்த சில நாட்களில்

பயன்படுத்திய பேனாவுக்குப் பதில் புதியதை வாங்காமல் வெளியே சாப்பிடப் போகாதீர்கள். அதை ஃபிரிட்ஜிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள். அறை வெப்பம் போதும். எது உள்ளே போனது என்று உறுதியில்லை என்றால் அலர்ஜி மருத்துவரைப் பாருங்கள். ஆனால் தோல் பரிசோதனையை உடனே செய்தால் பொய்யாக இல்லை என்று வரலாம், வழக்கமாக 4 முதல் 6 வாரம் தள்ளித்தான் செய்வார்கள். அதற்கு முன் அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் காலாவதியான பேனா இருந்தால், புதியது வந்த பிறகு அதை ஓர் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பார்க்கலாம். அலர்ஜி உள்ளவரை விடுங்கள், கூட இருப்பவர்கள் குத்திப் பார்க்கட்டும். அன்றைக்கு ஊசி போடப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். குத்திய பழத்தைக் குப்பையில் போடுங்கள், யாரும் சாப்பிட்டுவிடக் கூடாது. பேனாவை மருந்துக் கடையிலோ கிளினிக்கிலோ கொடுத்துவிடுங்கள்.